விஜி ‘பாசம்’னு போட்டது

எனக்கு விஜிய புடிக்காது. அதை முதல்லயே சொல்லிடறேன். அப்புறம் நடுவுல வந்து, நீ பொறாமையில பேசறடின்னு யாரும் சொல்லக் கூடாது. பொறாமைதான். கூடவே கடுப்பு, எரிச்சல், இன்னும் பேர் தெரியாதது ரெண்டு மூணு. அவளும் நானும் அண்ணனூர்ல பக்கத்துப் பக்கத்துத் தெரு, ஒரே ஸ்கூல், ஒரே பெஞ்சு. அவ அம்மா பொன்னியம்மா ரயில் ஷெட்டுல கான்ட்ராக்டுல பெட்டி கழுவறவங்க. எங்கப்பா துலுக்கானம், நைனான்னுதான் கூப்புடுவேன், அம்பத்தூர் பக்கத்துல பாடியில ஒரு பழைய கம்பெனியில தகடு அடிக்கற பிரஸ் ஷாப்புல முப்பது வருஷம் ஓட்டினவரு. அந்த மிஷின் சத்தத்துல காது பாதி போயிடுச்சு, அவர் மெதுவா பேசினாலே தெருமுனை வரைக்கும் கேக்கும். தாத்தா காலத்துல ரெண்டு குடும்பமும் இந்தப் பக்கத்து வயல்ல கூலிக்கு நாத்து நட்டவங்க. இப்ப அங்கெல்லாம் ஃப்ளாட்டு. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, சேத்துல நிக்கறதுக்கு ஃப்ளாட்டு எவ்வளவோ மேல்.

விஜி எப்படிப்பட்டவன்னா, வாய மூடவே மாட்டா. ஆவடியில சாயங்காலக் காலேஜுல பி.சி.ஏ. படிச்சா. பகல்ல எக்ஸ்போர்ட் கம்பெனியில காலர் தைச்சா. அப்புறம் ஒரு கால் சென்டர்ல சேந்தா. அங்க டீம் லீடர் ஒருத்தன், “போன்ல சிரிச்சுக்கிட்டே பேசும்மா, குரல்ல சிரிப்பு தெரியணும்”னு சொல்லியிருக்கான். இவ, “சிரிப்பு வந்தா சிரிக்கறேன், உனக்காக எல்லாம் சிரிக்க முடியாது”ன்னு ஹெட்போனக் கழட்டி வச்சிட்டு வந்துட்டா. வந்த கையோட என்கிட்ட அதை நடிச்சுக் காட்டி ஒரு மணி நேரம் சிரிச்சா. வேலை போன பொம்பள சிரிக்கற சிரிப்பா அது?

ஆனா அவளுக்கு ஒரு காது இருந்துச்சு. அந்தக் கால் சென்டர்ல, போன எடுத்தவன் “அலோ”ன்னு சொன்ன உடனே இவன் திட்டுவான், இவன் கேப்பான், இவன் வீட்ல எவனோ செத்துருக்கான்னு சொல்லிடுவாளாம். நாங்க நம்பல. பக்கத்து சீட்டுப் பொண்ணு ஒரு நாள் பூரா எழுதி வச்சுப் பாத்திருக்கா, பத்துக்கு ஒம்பது சரியா இருந்துச்சாம். பணம், அழகு, சொந்தக்காரன் சிபாரிசு எதுவும் இல்லாத பொண்ணுக்கு அது ஒண்ணுதான் கைமுதல்.

நான் அப்ப அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு மருந்து கம்பெனி பேக்கிங்ல இருந்தேன். எட்டு வருஷம். நின்னுகினே வேலை. காலையில நின்னா மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் உக்காருவோம். முப்பத்திரண்டு வயசுல கால்ல நரம்பு சுருண்டு சுருண்டு மேல வந்துடுச்சு, புடவை கட்டினாத்தான் வெளிய போக முடியும்ங்கற நிலை. அந்த நேரத்துல விஜி வந்து, “ஏய் சாவி, கஸ்மாலம், உக்காந்துகினே வேலை கீது, வர்றியா?”ன்னு கேட்டா. சாவின்னா நான்தான், சாவித்திரி.

பட்டரவாக்கம் ஸ்டேஷன்ல இறங்கி பத்து நிமிஷம் நடந்தா ஒரு கண்ணாடிக் கட்டடம். அதுல மூணாவது மாடியில வீடியோ கேம் பண்றாங்க. விஜி அங்க ரெண்டு மாசத்துக்கு முன்னாடி சேந்திருந்தா. எனக்காக அவதான் பேசி உள்ள கூட்டினு போனா. இதையும் சொல்லித்தான் ஆகணும், மறைச்சா அது இன்னும் அசிங்கம்.

அந்த கேமுக்குப் பேரு ‘கூட்டாளி’. கரண்டு போன ஒரு ஊரு, அதுல நீங்க நடந்து போறீங்க, கூட ஒரு நாய்க்குட்டி. ஹெட்போன மாட்டிக்கினு நாய்க்குட்டிகிட்ட பேசிக்கினே ஆடணும். நீங்க பேசற குரல கேம் கேக்கும். பயந்து பேசினா தெரு விளக்கு ஒண்ணு ரெண்டு எரியும், பேய்ங்க கொறையும். சந்தோஷமாப் பேசினா பேய்ங்க கூடும். பாசமாப் பேசினா நாய்க்குட்டி வந்து கால உரசும், வழி காட்டும். கோவமாப் பேசினா குட்டி நடுங்கி எங்கயாவது வண்டிக்கடியில போய் ஒளிஞ்சுக்கும். அது வழி காட்டலன்னா முதல் தெருவ விட்டு நீங்க நகர முடியாது.

குரல்ல எது கோவம் எது பாசம்னு கேமுக்கு யார் சொல்லிக் குடுக்கறது? நாங்கதான். காதுல துண்டு துண்டா குரல் வரும். எல்லாம் இந்தப் பக்கத்து ஜனங்க விளையாடும்போது புடிச்சது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, கொரட்டூர். அஞ்சு செகண்டு, ஆறு செகண்டு. எதிர்ல அஞ்சு பட்டன். சந்தோஷம், சோகம், பயம், கோபம், பாசம். ஒரே துண்ட மூணு பேர் தனித்தனியா கேப்போம். ரெண்டு பேர் எதைச் சொல்றாங்களோ அதுதான் முடிவு. ஒத்துப் போகாத மூணாவது ஆளுக்கு மார்க் கொறையும். மூணு வாரம் தொடர்ச்சியா எம்பதுக்குக் கீழ போனா வேலை இல்ல. இதுதான் சட்டம்.

எங்க மூணு பேர்ல நான், விஜி, அப்புறம் அகல்யா. அகல்யாவுக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். புருஷன் ஐ.டி.யில, நசரத்பேட்டையில ஃப்ளாட்டு. வேலைக்கு வரணும்னு அவசியமே இல்லாதவ. வீட்ல போரடிக்குதுன்னு வந்தேன்னு அவளே சொன்னா. நான் நரம்பு சுருண்ட காலோட அதைக் கேட்டுக்கினு இருந்தேன்.

எங்களுக்கு மேல சண்முகசுந்தரம் சார். பொள்ளாச்சிக்காரர். இந்தக் கோவம் பாசம் சமாசாரத்த கேமுக்குள்ள கொண்டு வந்ததே அவர்தான். யாரையும் வாங்க போங்கன்னுதான் பேசுவார். கீழ கேட்டுல படுத்திருக்கிற தெருநாயக் கூட “கொஞ்சம் தள்ளிப் படுங்க”ன்னு சொல்றத நானே பாத்திருக்கேன். நல்ல மனுஷன்னு எல்லாரும் சொல்வாங்க. அந்த நல்லதனத்த நெனச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியும்.

முதல் வாரமே தகராறு. ஒரு பையன் குரல் வந்துச்சு. கூட ஆடின நண்பன் ஜெயிச்சுட்டான் போல. “மச்சான், சாவடிச்சிட்டடா, நீயெல்லாம் மனுசனே இல்லடா டேய்” அப்படின்னு. நானும் விஜியும் சந்தோஷம்னு போட்டோம். அகல்யா கோபம்னு போட்டா. இப்படியே நாலு நாள். எங்க ரெண்டு பேர் ஓட்டும் ஒண்ணா விழ விழ அகல்யா மார்க் சரிஞ்சுது. அவ நேரா சாரோட ரூமுக்குப் போனா. அவங்க ரெண்டு பேரும் ஒரே ஊர்க்காரங்க, சேந்துக்கிட்டு போடறாங்கன்னு சொல்லியிருக்கா.

சார் என்ன பண்ணார்னா, நாப்பது துண்ட எடுத்து எங்க மூணு பேருக்கும் பரீட்சை வச்சார். விடைய யார் முடிவு பண்ணது? அவரே கதவ சாத்திக்கினு உக்காந்து முடிவு பண்ணார். அகல்யா முப்பத்தொம்பது. நான் இருபத்தஞ்சு. விஜி இருபத்திநாலு. அன்னிக்கு அவர் ரொம்ப மரியாதையா சொன்னார், “மேடம், நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் காத சரி பண்ணிக்கணுங்க. இனிமே இந்த நாப்பதையும் நடுநடுவுல கலந்து விடுவோமுங்க, அதுதான் அளவுகோல்”னு.

விஜி அங்கயே ஆரம்பிச்சா. அகல்யாவப் பாத்து, “உங்க ஊர்ல ஏலேன்னு கூப்ட்டா அது கோவமா?”ன்னு கேட்டா.

“அது வேற. அது எங்க பழக்கம்”னு சொன்னா அகல்யா.

“அப்ப டேய்னா மட்டும் எங்களுக்கு இன்னா, வியாதியா?”

சண்முகசுந்தரம் சார், “இருங்க, இருங்க, கோவப்படாதீங்க”ன்னார்.

“நான் எங்க சார் கோவப்பட்டேன்? நான் கோவப்பட்டா இப்படியா பேசுவேன்? சார், எங்க ஊட்ல எங்கம்மா என்ன நாயே பேயேன்னு கூப்ட்டா நல்லா கீதுன்னு அர்த்தம். வாங்கம்மா, உக்காருங்கம்மான்னு ஆரம்பிச்சா அன்னிக்கு ஊட்ல ஒருத்தன் துன்ன மாட்டான். கோவம் வந்தாத்தான் சார் எங்களுக்கு மரியாதை வரும். இதோ இவ நைனா கீறாரே, அவர் தம்பிகூட முட்டிக்கிச்சு. அன்னிலேருந்து கூடப் பொறந்த தம்பிய வாங்க சார், போங்க சார்னுதான் பேசறாரு. ஆறு வருஷமாச்சு. இதை எல்லாம் உங்க கேமு பாசம்னு எடுத்துக்கும், நாங்க கொஞ்சறதக் கோவம்னு எடுத்துக்கும். எங்க ஆளுங்க எவன் வந்து ஆடினாலும் அந்த நாய் ஓடிக்கினேதான் இருக்கும்.”

சார் சிரிச்சார். “அப்ப நான் உங்க எல்லாரையும் தினமும் திட்டிட்டு இருக்கேனுங்களா?”

“எங்களுக்கு அப்டித்தான் சார் கேக்குது.”

ரூம்ல இருந்தவங்க எல்லாம் கம்ப்யூட்டரப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. இவ வாயால என் வேலையும் போகப் போகுதுன்னு நெனச்சேன். மறுபடியும் அந்த பேக்கிங் டேபிள் முன்னாடி நிக்கறது கண்ணுக்குத் தெரிஞ்சுது. விஜிக்கு என்ன, அவ எங்க தூக்கிப் போட்டாலும் சிரிச்சுகினே எழுந்து வருவா. என் காலு வராது.

அன்னிக்கு மத்தியானத்துலேருந்து நான் மாறிட்டேன். கேக்கறத நிறுத்திட்டேன். குரல் வந்தா, இந்த ஆள் என்ன சொல்ல வர்றான்னு யோசிக்கவே மாட்டேன். அகல்யா என்ன போடுவான்னு மட்டும் யோசிப்பேன். சத்தமா இருந்தா கோபம். டா, டி இருந்தா கோபம். பேமானி, சோமாரி, பொறம்போக்கு வந்தா கண்ண மூடிக்கினு கோபம். ஒரு அம்மா, “எங்கடி போய்த் தொலஞ்ச, தேடித் தேடி உசுரு போச்சுடி”ன்னு அழுகாத குறையா சொல்றா. அந்த நாய்க்குட்டி திரும்பக் கெடச்ச சந்தோஷம், குரல் அப்படியே கரையுது. நான் கோபம்னு போட்டேன். அடுத்த துண்டு வந்துடுச்சு, நெனச்சுப் பாக்கக் கூட நேரமில்ல.

பரீட்சையில நூத்துக்கு அறுபத்திரண்டா இருந்த என் மார்க் தொண்ணூத்தாறுக்குப் போச்சு. விஜியுது எழுபத்தி நாலு. வெள்ளிக்கிழமை போர்டுல ஒட்டுவாங்க, எல்லாரும் பாக்கற மாதிரி. அதைப் பாத்துட்டு ட்ரெயின்ல அவ என்னைக் கேட்டா. நிக்க எடமில்லாத கூட்டம், அவ என் தோள் மேல சாஞ்ச மாதிரி நின்னுகினு இருந்தா.

“இன்னாடி, தொண்ணூத்தாறு?”

“காது பழகிடுச்சு.”

“த்தூ, பேமானி. முப்பத்திரண்டு வருசமா பழகாத காது மூணு நாள்ல பழகுச்சா?” அப்படின்னு என் மண்டையில ஒரு தட்டு தட்டினா. சிரிச்சா. நான் எப்பவாவது ஒண்ணு ரெண்டு மாத்திப் போடறேன், மீதி மார்க் சாரோட அந்த நாப்பதுல போவுதுன்னு நெனச்சுகினு இருந்திருக்கா. ஒவ்வொரு துண்டுலயும் அவளத் தோக்கடிக்கற ரெண்டாவது ஓட்டு என்னுதுன்னு அவளுக்குத் தோணவே இல்ல. யார் எதைப் போட்டாங்கன்னு அங்க காட்ட மாட்டாங்க, மார்க் மட்டும்தான் தெரியும். ஊர்ல எவன் குரலையும் கேட்டுப் புட்டுப் புட்டு வைக்கறவளுக்கு என் குரல மட்டும் கேக்கத் தெரியல. அதுக்காகவும் எனக்கு அவ மேல கோவம்.

ரெண்டாவது வாரம் எழுபத்திரண்டு. நான் தனியா கூப்ட்டு சொன்னேன், ஏண்டி வீம்பு புடிக்கற, அவங்களுக்கு என்ன வேணுமோ அதைப் போட்டுட்டுப் போயேன், உன் அப்பன் வீட்டு கேமா அதுன்னு. அவ, “பொய்யா போட்டா அப்புறம் என் காதுக்கு இன்னாடி மருவாதி”ன்னா. பெரிய இவ.

இதுக்கு நடுவுல அந்த சனிக்கிழமை. அம்பது வயசுக்கு மேல இருக்கறவங்க குரல் பத்தலன்னு, வேலை செய்யறவங்க வீட்டுப் பெரியவங்களக் கூட்டினு வரச் சொன்னாங்க. நான் நைனாவக் கூட்டினு போனேன். ஷேவிங் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டுக்கினு வந்தார். மகள் கண்ணாடிக் கட்டடத்துல வேலை செய்யறத பாக்கணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசை. ஏசி ரூம்ல உக்கார வச்சு ஹெட்போன மாட்டினதும் சின்னப் புள்ளையாட்டம் சிரிச்சார்.

நாய்க்குட்டியப் பாத்ததும் அவருக்கு ஒரே குஷி. ரிட்டையர் ஆனதுலேருந்து தெருவுல நாலு நாய்க்குப் பொறை பிஸ்கட்டு வாங்கிப் போடற மனுஷன். “இன்னாடா மாமே, எங்க ஓடற? எங்கடா போய் ஒளிஞ்சுகினு கீற, பேமானி? வாடா இங்க, ஒத வாங்கப் போற பாரு” அப்படின்னு கூப்ட்டார். குட்டி வாலச் சுருட்டிக்கினு வண்டிக்கடியில போயிடுச்சு. கண்ணாமூச்சி ஆடுதுன்னு நெனச்சு இன்னும் சத்தமா கொஞ்சினார். அது இன்னும் உள்ள போச்சு. கோவக்காரங்கள அமத்தறதுக்குன்னு வச்சிருக்கறது, ஸ்கிரீன் பூரா கடல் அலை வந்து, மூச்ச இழுத்து விடுங்கன்னு எழுத்து வந்துச்சு. நாப்பது நிமிஷம் ஆடினார். முதல் தெருவத் தாண்டல. ஹெட்போனக் கழட்டும்போது சட்டை கழுத்தெல்லாம் வேர்வை.

“என்னப் பாத்தா அதுக்கு பயமா கீது போல”ன்னார்.

திங்கக்கிழமை அந்தத் துண்டு என் காதுக்கு வந்துச்சு. பேர் இருக்காது, வெறும் நம்பர்தான் இருக்கும். பேர் எதுக்கு எனக்கு? “வாடா இங்க, ஒத வாங்கப் போற பாரு.” என்னைய ஸ்கூல் கேட்டுல நின்னு கூப்ட்ட குரல். எனக்கு டைபாய்டு வந்தப்ப, ஆஸ்பத்திரி கட்டில் பக்கத்துல உக்காந்து கஞ்சியக் கையில வச்சுகினு, குடிடி சனியனேன்னு கெஞ்சின குரல். இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். அப்புறம் கோபம்னு போட்டேன். அகல்யாவும் கோபம்தான் போட்டிருப்பா. விஜி பாசம்னு போட்டா. அந்த வாரம் அவ மார்க் எழுபத்தொண்ணு, மூணாவது வாரம்.

சண்முகசுந்தரம் சார் கூப்ட்டு விட்டார். மூணு பேரையும். அவர் கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் பேசினார், அதைச் சொல்லணும். “விஜி மேடம், ரூல் ரூல்தானுங்க. எனக்கும் சங்கடமாத்தான் இருக்குங்க.”

விஜி, “சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் தோத்த துண்டுல ஒண்ண எடுங்க. அதைப் பேசின ஆளக் கூப்டுங்க. நீ கோவத்துல பேசினியா, கொஞ்சினியான்னு கேளுங்க. அவர் கோவம்னு சொன்னா நான் இப்பவே போறேன்”னா.

“பேசினவங்க யாருன்னு வெளிய சொல்லக் கூடாதுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம்.” கொஞ்ச நேரம் பேனாவ உருட்டினார். அப்புறம் என்னைப் பாத்தார். “ஒண்ணு பண்ணலாம். சாவித்திரி மேடம் உங்க ஊருதானுங்களே. அவங்க மார்க்கும் நல்லா இருக்கு. நீங்களே ஒரு துண்டத் தேர்ந்தெடுங்க, எல்லாரும் கேப்போம். அவங்க பாசம்னு சொல்லிட்டாங்கன்னா, நான் மொத்தத்தையும் முதல்லேருந்து திரும்பப் போடச் சொல்றேன். உங்க வேலைக்கும் நான் பொறுப்பு.”

விஜி மூஞ்சி அப்படியே மலர்ந்துச்சு. என்னப் பாத்து கண்ணடிச்சா. ஸ்கூல்ல என் நோட்டப் பாத்து எழுதறதுக்கு முன்னாடி அடிக்கற அதே கண்ணு. நம்பர ஒரு சீட்டுல எழுதி நீட்டினா. அவ எதைத் தேர்ந்தெடுப்பான்னு எனக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. உலகத்துல இருக்கற எல்லாக் குரலையும் விட்டுட்டு அதைத்தான் எடுப்பா. அதுக்குப் போய் நான் கோவம்னு சொல்லவே முடியாதுன்னு அவ்வளவு நம்பிக்கை.

ஸ்பீக்கர்ல போட்டாங்க. ரூம் பூரா நைனா.

“எங்கடா போய் ஒளிஞ்சுகினு கீற, பேமானி? வாடா இங்க, ஒத வாங்கப் போற பாரு.”

அகல்யா லேசா மூஞ்சியச் சுளிச்சா. அதைப் பாத்ததும் அவ கன்னத்துல ஒண்ணு விடலாமான்னு இருந்துச்சு. ஆனா சார் என்னத்தான் பாத்துக்கினு இருக்கார். என் மண்டைக்குள்ள ஓடினது இவ்வளவுதான். பாசம்னு சொன்னா, திரும்ப எல்லாத்தையும் எடுப்பாங்க. நான் இத்தனை நாளா போட்ட ஆயிரக்கணக்கான கோபத்தையும் எடுப்பாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தும் ஏன் இப்படிப் போட்டீங்கன்னு கேப்பாங்க. அவளோட சேந்து, இல்ல அவளுக்குப் பதிலா, நான் வெளிய போவேன்.

“கோவம்தான் சார்”னு சொன்னேன்.

“நல்லா யோசிச்சு சொல்லுங்க. சந்தேகம் ஏதாவது?”

“இல்ல சார். திட்டறாரு.”

விஜி நெனச்சிருந்தா ஒரே வார்த்தையில என்னைக் கவுத்திருக்கலாம். அது அவங்கப்பன் குரல் சார், பெத்த அப்பன் குரலையே இவ இப்படிச் சொல்றான்னு. கையெழுத்து காயிதம் எல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டா? ஆனா அவ சொல்லல. என்னை ஒரு தடவை பாத்தா. இத்தனை நாள் கேக்காத எல்லாத்தையும் அந்த நேரத்துல கேட்டுட்டான்னு எனக்குப் புரிஞ்சுது. ரெண்டாவது ஓட்டு யாருது, மூணு வாரமா அவ யார்கிட்ட தோத்துகினு இருந்தா, எல்லாம்.

அவ எழுந்து நாற்காலிய உள்ள தள்ளினா. “சரிங்க சார். ரொம்ப நன்றிங்க.” அகல்யாவப் பாத்து, “வரேங்க”ன்னா. அப்புறம் என் பக்கம் திரும்பி, “நல்லா இருங்க சாவித்திரி. உடம்பப் பாத்துக்கங்க”ன்னு சொல்லிட்டு கதவ சத்தமில்லாம சாத்திட்டுப் போனா.

“பாருங்க,” சண்முகசுந்தரம் சார் பெருமூச்சு விட்டார். “என்னமோ பெரிய சண்டை போடுவாங்கன்னு பயந்துட்டு இருந்தேனுங்க. எவ்வளவு பக்குவமாப் போறாங்க. ஒரு சின்னக் கோவம் கூட இல்ல.”

அகல்யாவும், “ஆமா சார், பாவம்”னா.

நான் என் சீட்டுக்குப் போய் உக்காந்தேன். சாயங்காலம் வரைக்கும் உக்காந்து இன்னும் முந்நூறு துண்டு கேட்டேன்.

ஆறு நாள் போன் பண்ணேன், எடுக்கல. ட்ரெயின்ல இல்ல, கடைத்தெருவுல இல்ல. வீட்ல நைனா, “இன்னாடி, விஜிய ஆளையே காணோம், அந்த வாயாடி இல்லாம தெருவே செத்த மாதிரி கீது”ன்னு ரெண்டு தடவை கேட்டுட்டார். ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லி வச்சேன். ஞாயித்துக்கிழமை காலையில அவ வீட்டுக்குக் கெளம்பிட்டேன். என்ன சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சேன். என் கால் மேல பழி போடலாம்னு நெனச்சேன். நீ எதுக்குடி அந்தத் துண்ட எடுத்த, வேற எதையாவது எடுத்திருந்தா சொல்லியிருப்பேனேன்னு சண்டை கட்டலாம்னு கூட நெனச்சேன். அவ என்ன நாயே பேயேன்னு திட்டுவா, செருப்பத் தூக்குவா, நான் வாங்கிக்கினு வருவேன். ரெண்டு வாரத்துல சரியாயிடும். எங்களுக்குள்ள அப்படி எத்தனையோ ஆயிருக்கு.

கதவ அவதான் தொறந்தா. தலை குளிச்சு துண்டு கட்டியிருந்தா. என்னைப் பாத்து ஒதுங்கி வழி விட்டா.

“வாங்க,” அப்படின்னா. “உள்ள வாங்க. உக்காருங்க.” நாற்காலிய இழுத்துப் போட்டு, மேல இருந்த துணிய எடுத்துட்டு, கையால ஒரு தடவை தட்டி விட்டா. “காபி சாப்பிடறீங்களா?”

உள்ள கறி வதக்கற சத்தம் கேட்டுக்கினு இருந்துச்சு. அது நின்னுச்சு. பொன்னியம்மா கையில கரண்டியோட அடுப்படி வாசல்ல வந்து நின்னாங்க. என் கையில சோறு உருட்டி வச்சவங்க, என்னை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்ட்டதில்ல, மூதேவின்னுதான் கூப்புடுவாங்க. மகள் மூஞ்சியப் பாத்தாங்க. அப்புறம் என்னப் பாத்தாங்க.

“இன்னாடி பண்ண எம்பொண்ண?”ன்னு கேட்டாங்க.